கூட்டு அடர்த்தி தெரிந்தால் நிபந்தனை எதிர்பார்ப்பை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி இதுதான். ச, ப என்று இரண்டு சமவாய்ப்பு மாறிகள். அவற்றின் கூட்டு நிகழ்தகவு அடர்த்தி 8சப. ஆனால் 0 < ச < ப < 1 என்ற பகுதியில் மட்டும். மற்ற இடமெல்லாம் பூஜ்யம். ச-வின் மதிப்பு தெரிந்துவிட்டால் ப-வின் எதிர்பார்ப்பு (நிகழ்தகவால் எடையிட்ட சராசரி) என்ன?

கேட்டவர் தாமே ஒரு விடையும் போட்டிருக்கிறார். "8சப என்பது ச தனியாக, ப தனியாகப் பிரிகிறது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. ச தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான், எதிர்பார்ப்பு 2/3." புத்தகத்தின் கடைசிப் பக்க விடையில் ச வருகிறதாம். எங்கே தப்பு என்கிறார்.

தப்பு தொகையிடலில் இல்லை, எல்லையில் இருக்கிறது. கணக்கைப் போடுமுன் ஒரு விஷயம்: ச 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ப எப்போதும் ச-வைவிடப் பெரியது என்று கேள்வியே சொல்கிறது. அப்படியானால் ப 0.9-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அதன் சராசரி 0.67 என்றால் எப்படி? இந்த ஒரு வரிச் சோதனையை எந்த விடைக்கும் செய்து பாருங்கள். நிபந்தனை எதிர்பார்ப்பு, அந்த நிபந்தனைக்குள் அந்த மாறி எந்தெந்த மதிப்பு எடுக்க முடியுமோ அதற்கு வெளியே போகவே போகாது.

அடர்த்தியை விட்டுவிட்டு முதலில் பகடைக்கு வருகிறேன். ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டுகிறோம். விழுந்த இரண்டு எண்களில் சிறியது ச, பெரியது ப (இரண்டும் ஒன்றேயானால் ச = ப). சிறியது 3 என்று யாரோ எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். பெரியதன் எதிர்பார்ப்பு என்ன?

அவசரக்காரர் சொல்வார்: பெரியது 3, 4, 5, 6 ஆக இருக்கலாம், சராசரி 4.5. இது தப்பு. 36 வாய்ப்புகளில் சிறியது 3 ஆக இருப்பவற்றை எழுதிப் பாருங்கள். இரண்டிலும் 3 விழுவது ஒரே வழி. 3-ம் 4-ம் விழ இரண்டு வழி, ஏனென்றால் எந்தப் பகடையில் எது என்பது மாறலாம். 3-ம் 5-ம் இரண்டு, 3-ம் 6-ம் இரண்டு. மொத்தம் 7 வழி. பெரியதைக் கூட்டினால் 3 + 8 + 10 + 12 = 33. எதிர்பார்ப்பு 33/7, அதாவது சுமார் 4.71.

நிபந்தனை எதிர்பார்ப்பின் முழு வேலையும் இதற்குள் இருக்கிறது. மொத்த அட்டவணையில் ச = 3 என்ற வரிசையை மட்டும் வெட்டி எடுத்தோம். அந்த வரிசையின் மொத்த எடை 7/36. அதால் வகுத்து எடைகளின் கூட்டுத்தொகை 1 ஆகும்படி செய்தோம். அப்புறம் சாதாரண எடைச் சராசரி. வெட்டு, வகு, சராசரி எடு. தொடர் மாறிகளில் வெட்டு ஒரு கோடாகிறது, கூட்டல் தொகையிடலாகிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது 8சப. தாளில் ஒரு சதுரம் வரையுங்கள், கிடையாக ச, நெடுக்காக ப. மூலைவிட்டத்தைப் போடுங்கள். அதற்கு மேலே உள்ள முக்கோணம்தான் நம் பகுதி. நான் மாணவனாக இருந்தபோது இந்தப் படத்தை வரையாமலே எல்லைகளை மனதில் பிடிக்கப் பார்த்து ஒரு தேர்வில் பத்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். அதிலிருந்து படம் வரையாமல் பேனாவைத் தொகையிடலுக்கு நகர்த்துவதில்லை.

ச = 0.5 என்ற இடத்தில் நேர்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் முக்கோணத்துக்குள் விழும் பகுதி ப = 0.5 முதல் 1 வரைதான். அதன்மேல் அடர்த்தியின் உயரம் 8 × 0.5 × ப = 4ப. இந்த வெட்டின் பரப்பு, 4ப-வை 0.5 முதல் 1 வரை தொகையிட்டால் 2(1 − 0.25) = 1.5. அதால் வகுத்தால் நிபந்தனை அடர்த்தி 8ப/3. இதை ப-வால் பெருக்கி அதே 0.5 முதல் 1 வரை தொகையிட்டால் (8/9)(1 − 1/8) = 7/9. சுமார் 0.78.

0.5 என்ற எண்ணை எடுத்துவிட்டு ச என்றே வைத்துப் போட்டால் பொது விடை கிடைக்கும். வெட்டின் பரப்பு, அதாவது ச-வின் விளிம்பு அடர்த்தி, 4ச(1 − ச²). நிபந்தனை அடர்த்தி 2ப/(1 − ச²), ப ச முதல் 1 வரை. எதிர்பார்ப்பு:

எ[ப | ச] = 2(1 − ச³) / [3(1 − ச²)] = (2/3) × (1 + ச + ச²)/(1 + ச)

ச பூஜ்யத்தை நெருங்கும்போது இது 2/3. கேட்டவரின் விடை சரியாக இருக்கும் ஒரே இடம் அது. 0.9-இல் சுமார் 0.95. ச 1-ஐ நெருங்க விடையும் 1-ஐ நெருங்குகிறது. வேறு வழியே இல்லை, கூரைக்கும் தரைக்கும் நடுவே இடமில்லை.

8சப பிரிகிறதே, அப்புறம் ஏன் சாராதவை ஆகவில்லை? சார்பு பிரிந்தால் போதாது, அது உயிரோடு இருக்கும் பகுதியும் செவ்வகமாகப் பிரிய வேண்டும். "0 < ச < ப < 1" என்ற நிபந்தனையும் அடர்த்தியின் ஒரு பகுதிதான். அதை ஓரத்தில் எழுதுகிறோம் என்பதால் ஓரமான விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். கேட்டவர் செய்ததுபோல முழுச் சதுரத்திலும் 8சப-வைத் தொகையிட்டால் 2 வரும். மொத்த நிகழ்தகவு 2 என்று வந்த அந்த இடத்திலேயே மணி அடித்திருக்க வேண்டும்.

தலைகீழ்க் கேள்விக்கும் வருவோம்: ப தெரிந்தால் ச-வின் எதிர்பார்ப்பு? இப்போது கோடு கிடையாகப் போகும், 0 முதல் ப வரை. ப-வின் விளிம்பு அடர்த்தி 4ப³, நிபந்தனை அடர்த்தி 2ச/ப², எதிர்பார்ப்பு 2ப/3. எவ்வளவு சுத்தமான விடை பாருங்கள். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு முந்தைய விடையைப் பெற முடியாது. ச = 0.5 என்றால் ப-வின் எதிர்பார்ப்பு 7/9. ப = 7/9 என்றால் ச-வின் எதிர்பார்ப்பு 14/27, சுமார் 0.52, 0.5 அல்ல. இரண்டும் இரண்டு வேறு கேள்விகள், இரண்டு வேறு திசை வெட்டுகள்.

இந்தத் திசைக் குழப்பம் பாடக் கணக்கில் மட்டும் வருவதல்ல. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் வெளியிட்ட ஆய்வில் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் உயரப்படி அட்டவணையாக்கினார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண் கணக்குக்குக் கொண்டுவந்தார். பெற்றோரின் சராசரி உயரம் பொதுச் சராசரியைவிட ஓர் அங்குலம் அதிகம் என்றால், பிள்ளைகளின் சராசரி சுமார் 2/3 அங்குலமே அதிகம். அப்படியானால் பிள்ளை ஓர் அங்குலம் அதிகம் என்றால் பெற்றோர் ஒன்றரை அங்குலம் அதிகமா? அப்படித்தான் தோன்றும். அட்டவணையை மறுதிசையில் வெட்டிப் பார்த்த கால்டனுக்குக் கிடைத்தது சுமார் 1/3. அந்த அட்டவணைதான் அவரை இருமாறி இயல்நிலைப் பரவலுக்கு (மணி வடிவப் பரவலின் இரண்டு மாறி வடிவம்) இட்டுச்சென்றது. அதன் நீள்வட்டங்களின் கணிதத்தை அவருக்குச் செய்து கொடுத்தவர் ஹாமில்டன் டிக்சன் என்ற கணிதவியலாளர்.

இயல்நிலைப் பரவலில் தொகையிடவே வேண்டாம். தெரிந்த மாறி தன் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவுகோல்) தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். அதை ஒட்டுறவுக் கெழுவால் (இரண்டு மாறிகளும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) பெருக்குங்கள். மற்ற மாறி தன் சராசரியிலிருந்து அத்தனை திட்டவிலக்கம் தள்ளி எதிர்பார்க்கப்படும். கெழு 1-க்குக் குறைவு என்பதால் இரண்டு திசையிலுமே எதிர்பார்ப்பு சராசரிப் பக்கம் இழுக்கும். இரு திசைச் சாய்வுகளையும் பெருக்கினால் கெழுவின் வர்க்கம். கால்டனின் 2/3-ஐயும் 1/3-ஐயும் பெருக்கினால் 2/9. கெழு சுமார் 0.47.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எ[ப | ச = 0.5] என்பது 7/9 என்ற ஒரு எண். எ[ப | ச] என்று மட்டும் எழுதினால் அது ச-வின் சார்பு. ச எந்த மதிப்பு எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் அதுவும் ஒரு சமவாய்ப்பு மாறியே. அதற்கும் சராசரி உண்டு, பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) உண்டு. அந்தச் சராசரியை எடுத்தால் வெறும் எ[ப] திரும்ப வரும். இது அலங்காரத் தேற்றம் இல்லை, உங்கள் விடையைச் சரிபார்க்கும் தராசு. நம் விடையை 4ச(1 − ச²)-ஆல் பெருக்கினால் (1 − ச²) அடிபட்டு (8/3)(ச − ச⁴) மிஞ்சும். 0 முதல் 1 வரை தொகையிட்டால் (8/3)(1/2 − 1/5) = 4/5. நேராக 4ப³-இலிருந்து எ[ப] போட்டாலும் 4/5. இரண்டும் ஒத்துப்போனால் எல்லைகள் சரி என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

பகடையிலும் பார்க்கலாம். ச 1 முதல் 6 வரை ஆக, பெரியதன் எதிர்பார்ப்பு முறையே 41/11, 38/9, 33/7, 26/5, 17/3, 6. எடைகள் 11, 9, 7, 5, 3, 1 வழிகள். எடை போட்டுக் கூட்டினால் மேலே உள்ள எண்கள் மட்டுமே மிஞ்சும்: 41 + 38 + 33 + 26 + 17 + 6 = 161. ஆகவே 161/36.

இந்த எடையை மறந்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது. "ச = 0.5" என்பதற்குப் பதில் "ச > 0.5" என்று மட்டும் சொன்னால்? பலர் எ[ப | ச] சூத்திரத்தில் ச-வை 0.5 முதல் 1 வரை ஓடவிட்டு வெறும் சராசரி எடுக்கிறார்கள். எல்லா வெட்டும் ஒரே கனம் அல்ல. 1-க்குப் பக்கத்தில் உள்ள வெட்டுகள் சிறு துண்டுகள். ஒவ்வொரு வெட்டின் எதிர்பார்ப்பையும் விளிம்பு அடர்த்தியால் எடையிட்டுத் தொகையிட்டால் 29/60. ச > 0.5 ஆவதன் நிகழ்தகவு 9/16. வகுத்தால் 116/135, சுமார் 0.86. ச = 0.5 என்றபோது 0.78 வந்தது. தகவல் மாறியது, விடையும் மாறியது.

பரவற்படிக்கு இதே தந்திரம் சற்று மாறி வேலை செய்யும். ச-வின் மொத்தப் பரவற்படி இரண்டு பங்காகப் பிரியும்: வெட்டுகளுக்குள் இருக்கும் பரவற்படியின் சராசரி ஒன்று, வெட்டுகளின் சராசரிகளுக்குள் இருக்கும் பரவற்படி இன்னொன்று. நம் கணக்கில் ப தெரிந்தபின் ச-வின் பரவற்படி ப²/18. அதன் சராசரி 1/27. எதிர்பார்ப்பான 2ப/3-இன் பரவற்படி 8/675. கூட்டினால் 33/675 = 11/225. ச-வின் விளிம்பு அடர்த்தியிலிருந்து நேராகப் போட்டாலும் 1/3 − 64/225 = 11/225.

முதல் பங்கு ஒருபோதும் எதிர்மறை ஆகாது. ஆகவே நிபந்தனை எதிர்பார்ப்பின் பரவற்படி மூல மாறியினுடையதைவிடக் கூடவே கூடாது. கல்கத்தாவில் சி. ஆர். ராவ் 1945-இலும், அமெரிக்காவில் டேவிட் பிளாக்வெல் 1947-இலும் தனித்தனியே கண்ட, மதிப்பீடுகளைச் செம்மையாக்கும் தேற்றத்தின் உயிர் இந்த ஒரு வரிதான். ஒரு நாணயத்தில் தலை விழும் நிகழ்தகவை மதிப்பிட, முதல் சுண்டலை மட்டும் பார்த்து "தலை என்றால் 1, பூ என்றால் 0" என்று சொல்லும் ஒரு சோம்பேறி மதிப்பீட்டை எடுங்கள். ஒருபக்கச் சாய்வு இல்லை, ஆனால் உதவாத மதிப்பீடு. பத்துச் சுண்டலில் மொத்தம் 7 தலை என்று தெரிந்தபின் அதன் நிபந்தனை எதிர்பார்ப்பை எடுங்கள். அந்த 7 தலைகள் பத்து இடங்களில் எங்கு வேண்டுமானாலும் சமமாக இருந்திருக்கலாம், ஆகவே 7/10. நல்ல மதிப்பீடு தானாக வந்துவிட்டது, பரவற்படியும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இங்கே அடர்த்தியையும் எழுதவில்லை, தொகையிடவும் இல்லை. சமச்சீர் ஒன்றே போதுமாயிற்று. தொகையிடலில் குதிக்குமுன் இப்படி ஒரு குறுக்குவழி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். டீக்கடையில் மணிக்குச் சராசரியாக 30 டீ, 20 காபி, இரண்டும் சாராத பாய்சான் மாறிகள் (ஒரு மணி நேரத்தில் எத்தனை என்று எண்ணுபவை) என்று வையுங்கள். கல்லாவில் பத்து டோக்கன் கிழிந்திருக்கிறது, எது எவ்வளவு என்று தெரியாது. பத்தில் ஒவ்வொன்றும் 3/5 நிகழ்தகவோடு டீ, எதிர்பார்ப்பு 6. மொத்தம் தெரிந்தபின் பாய்சான் ஈருறுப்புப் பரவலாகிவிடும் என்பது தெரிந்தால் ஒரு வரி, தெரியாவிட்டால் அரைப் பக்கம்.

எதிர்பார்ப்பு மாறவில்லை என்பதால் மட்டும் சாராதவை என்று முடிவுகட்டவும் கூடாது. மையம் பூஜ்யத்தில் உள்ள வட்டத்துக்குள் சீராகப் பரவிய புள்ளியின் கிடைத்தூரம் எதுவாக இருந்தாலும் நெடுந்தூரத்தின் எதிர்பார்ப்பு 0. ஆனால் ஓரத்துக்குப் போகப் போக வெட்டின் நீளம் சுருங்குகிறது, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. சாராதவை என்றால் நிபந்தனை எதிர்பார்ப்பு மாறிலி. மறுதலை உண்மை அல்ல.

கடைசியாக ஒரு பொறி. இதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நாள் தூக்கம் போனது. அ, இ இரண்டும் 0 முதல் 1 வரை சீராகப் பரவிய சாராத மாறிகள். இரண்டும் சமம் என்று தெரிந்தால் அ-வின் எதிர்பார்ப்பு என்ன? "சமம்" என்பதை அ − இ = 0 என்று எழுதினால் நிபந்தனை அடர்த்தி சீரானது; விடை 1/2. இ ÷ அ = 1 என்று எழுதினால் மாறி மாற்றத்தில் அ என்ற பெருக்கல் காரணி வந்து சேரும், அடர்த்தி 2அ; விடை 2/3. ஒரே மூலைவிட்டம், இரண்டு விடை, கணக்கில் எங்கும் பிழையில்லை!

மூலைவிட்டத்தின் நிகழ்தகவு பூஜ்யம் என்பதுதான் சிக்கல். பூஜ்யத்தால் வகுக்க முடியாது, ஆகவே அதைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டையை எடுத்துச் சுருக்கிக்கொண்டே போகிறோம். வித்தியாசத்தால் எடுத்த பட்டை ஒரே அகலமான ரிப்பன். விகிதத்தால் எடுத்த பட்டை மூலையில் கூர்மையாகத் தொடங்கி விசிறிபோல விரியும். ஆகவே பெரிய மதிப்புகளுக்கு எடை கூடுகிறது. கோளத்தின் மீது இதே புதிரை எமில் போரெல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் எழுப்பினார். 1933-இல் நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்ட ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரவ், பூஜ்ய நிகழ்தகவுள்ள தனி நிகழ்ச்சியை நிபந்தனையாக வைப்பதே அர்த்தமற்றது, எந்த மாறியின் மதிப்பாக அது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். ஆகவே "அ = இ எனில்" என்று மட்டும் எழுதிய கேள்வி உங்கள் கைக்கு வந்தால், விடை போடுமுன் எந்த மாறி அளக்கப்பட்டது, வித்தியாசமா விகிதமா, என்று கேட்டவரிடமே திருப்பிக் கேளுங்கள். நம் 8சப கணக்கில் அந்த வம்பு இல்லை. அளந்தது ச தான் என்று கேள்வியிலேயே இருக்கிறது.